எஃப்.சி.க்குப் போட்ட டயர்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஓரத்துல வேண்டாம், அங்க பெஞ்சுக்குக் கால் ஆடும். இப்படி வாங்க. இந்த நுகர்வோர் கோர்ட்டுல மூணு வருஷமா இதே பெஞ்சுலதான் உக்காருதேன்.

உங்களுக்கு என்ன கேசு? வாஷிங் மெஷினா. என்ன செய்யுது? துணியக் கிழிக்குதா. அது நல்ல கேசு. கிழிஞ்ச துணியக் கொண்டு வந்திருக்கீங்களா? பையிலயா, சரி. கண்ணால பாக்குத மாதிரி ஒரு சாமான் இருந்தா சீக்கிரம் முடிஞ்சிரும். ரெண்டு வருஷத்துல முடிஞ்சிரும்.

என் நம்பர் பதினாலு. உங்களுக்குப் பத்தொம்பதா? இப்ப ஆறுதான் ஓடுது. அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்திரலாம்னு பாக்காதீங்க. போன வருஷம் ஒருத்தர் டீ குடிக்கப் போனாரு, கூப்பிட்டாங்க, ஆளு இல்ல, கேச முடிச்சிட்டாங்க. மனுசன் கையில பாதி பன்னோட நின்னாரு.

என்னுது காரு கேசு. மஞ்ச போர்டு. டாக்சி ஓட்டுதேன். ஓட்டுனேன்னு சொல்லணும். இன்சூரன்ஸ் கட்டி வச்சிருந்தேன், ஒருநாள் கூட தவறல. வண்டி அடிபட்டுது, பணம் கேட்டேன், இல்லன்னுட்டாங்க. ஏன்னு கேட்டா எஃப்.சி. இல்லயாம். எஃப்.சி. தெரியும்லா? வண்டி ரோட்டுல ஓட லாயக்குன்னு ஆபீஸ்ல பாத்து, தட்டி, ஓட்டிக் குடுக்குத சர்டிபிகேட்டு. வாடகை வண்டிக்கு அது முடிய முடியப் புதுப்பிக்கணும். எனக்கு அது முடிஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு. நாலே நாள். பால் பாக்கெட்டே அவ்வளவு நாள் தாங்கும்.

சரி, எங்க அடிபட்டுதுன்னு கேளுங்க. எஃப்.சி. ஆபீஸ் வாசல்ல.

உண்மையாத்தான் சொல்லுதேன். எஃப்.சி. எடுக்கதுக்கு வரிசையில நிக்கேன். காலையில ஆறரை மணி. எங்க ஊருல அந்த மைதானத்து வாசல் கொஞ்சம் இறக்கமா இருக்கும். வரிசையில மொத வண்டி நம்ம வண்டி, எப்பவும் நம்மதான் மொத வண்டி. பின்னால ஒரு டிப்பர் லாரி வந்து நின்னுது. அதுவும் எஃப்.சி.க்குத்தான். நான் இறங்கி எதுத்தாப்புல டீக்கடைக்குப் போனேன். அந்த டிரைவர் சீட்டுல உக்காந்தே தூங்கிட்டான் போல. பிரேக்கு புடிக்கல, லாரி மெல்ல நகந்து வந்து, நம்ம வண்டிய வாசல் கேட்டுத் தூணோட வச்சு அமுக்கிருச்சு. அவசரமே இல்லாம. நான் கையில கிளாசோட நின்னு பாக்கேன், வண்டி சின்னதாயிக்கிட்டே போகுது.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த டிப்பருக்கு எஃப்.சி. இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் செல்லும். பிரேக்கு இல்லாத வண்டிக்கு சர்டிபிகேட்டு இருக்கு. பிரேக்கு போட்டு கல்லு மாதிரி நின்ன வண்டிக்கு இல்ல.

டிப்பர் டிரைவருக்கு நெத்தியில லேசா கிழிஞ்சு ரத்தம். முதலுதவிப் பெட்டி எடுங்கன்னு எல்லாரும் என்னையப் பாக்காங்க. என் வண்டியில பெட்டி இருந்துச்சு. ஆனா அது செட்டுப் பெட்டி, சீலு உடைச்சா அடுத்த வண்டிக்கு ஆகாது. நான் கொஞ்சம் யோசிச்சேன். அதுக்குள்ள டீக்கடைக்காரரு காபித்தூள அள்ளி வச்சு அமுக்கிட்டாரு. நல்லாத்தான் நின்னுது.

செட்டுன்னா என்னன்னு கேக்கீங்களா? சொல்லுதேன். அதான் கேசே.

எங்க ஸ்டாண்டுல பதினோரு வண்டி. பதினொன்னும் ஒரே கம்பெனி, ஒரே மாடலு. எஃப்.சி.க்குப் போனா டயர் பாப்பாங்க, தீயணைக்குத சிலிண்டர் பாப்பாங்க, முதலுதவிப் பெட்டி பாப்பாங்க. பதினோரு பேரும் தனித்தனியா வாங்கணும்னா நடக்குத காரியமா? அப்பத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். நான் ஸ்டாண்டுக்குச் செயலாளரு. எல்லாரும் சேந்து நாலு புது டயர், உள்ள இருக்க இரும்பு டிஸ்க்கோட, ஒரு சிலிண்டர், ஒரு பெட்டி வாங்குவோம். யாருக்கு எஃப்.சி. வருதோ அவன் மொத நாள் சாயங்காலம் மாட்டிக்கிடணும், மறுநாள் பாஸானதும் கழட்டி அடுத்தவன்கிட்ட குடுத்திரணும். வீலோட கழட்டி வீலோட மாட்டுதது, ஜாக்கி போட்டா நாப்பது நிமிஷம். நாலு வருஷம் ஓடுச்சு. அந்த டயரப் பாத்தீங்கன்னா இன்னைக்கும் புதுசு. மேல இருக்க ரப்பர் முள்ளு கூட உதிரல. மொத்தமா ஒரு நானூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், அதுவும் ஆபீஸுக்குப் போக, வர.

ஒரு சண்ட கிடையாது. ஏன்னா வரிசை. எவனுக்கு மொதல்ல தேதியோ அவனுக்கு மொதல்ல. பணக்காரன், பாவப்பட்டவன், செயலாளரு, எல்லாம் ஒண்ணுதான். நான் போட்ட விதி.

அந்த விதிதான் என்னைய மாட்டிவிட்டுச்சுன்னு வீட்டுல சொல்லுதா. எனக்கு வியாழக்கிழமை முடியுது. புதன்கிழமைக்கு தேதி வாங்கியிருந்தேன். எனக்கு முன்னால, செவ்வாய்க்கிழமை, முப்பிடாதிக்கு தேதி. அன்னைக்கு ஆபீஸருக்கு வேற டூட்டி விழுந்து, அவன் தேதி தள்ளிப் போச்சு. செட்டு அவன் வண்டியில கிடக்கு. அவனே சொன்னான், அண்ணே, நீங்க கழட்டிக்கோங்க, உங்களுக்கு முடியப் போகுது, எனக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னான். நான் சொன்னேன், ஏலே, வரிசைன்னா வரிசை, செயலாளரே மீறுனா நாளைக்கு எவன் மதிப்பான். என் தேதிய திங்கக்கிழமைக்கு மாத்திக்கிட்டேன். அவன் வெள்ளிக்கிழமை பாஸாயி செட்டக் கழட்டிக் குடுத்தான்.

ரோஸ்லின், என் வீட்டுக்காரி, அன்னைக்கே கேட்டா, பேசாம நாலு டயர் வாங்கிப் போட்டா என்னன்னு. செட்டு இருக்கும்போது எதுக்குடி டயருன்னு கேட்டேன். அவ அடுப்பப் பாக்கப் போயிட்டா.

அந்த நாலு நாளும் வண்டிய எடுக்கவே இல்ல அண்ணாச்சி. ஒரே ஒரு சவாரி, திருச்செந்தூருக்கு. அதுவும் தெரிஞ்சவங்க.

அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து கடுதாசி வந்துச்சு. மொத வரியில வருந்துகிறோம்னு இருந்துச்சு. யாரு வருந்துதாங்கன்னு பேரு போடல. எஃப்.சி. இல்லாத வண்டி ரோட்டுல இருக்கவே கூடாதாம், இருந்தா பாலிசி செல்லாதாம். நான் நேர்ல போய்க் கேட்டேன். ஐயா, ரோட்டுல ஓட்டாம எஃப்.சி. ஆபீஸுக்கு எப்படிக் கொண்டு போக, தலையில தூக்கிட்டா போகன்னு. அந்தப் பையன் ரொம்ப மரியாதையா, முடியறதுக்கு முன்னாலயே வந்திருக்கணும் சார்ன்னான். சரி, லாரிக்காரன் இன்சூரன்ஸ்ல கேப்போம்னு அங்க போனா, அவங்க ஒரு படி மேல. ரோட்டுல இருக்கக்கூடாத வண்டி ரோட்டுல இருந்ததுக்கு நாங்க பொறுப்பில்லங்காங்க. அது வேற கேசு, வேற கோர்ட்டு, அதுல இன்னும் டிப்பர் முதலாளி வீட்டு விலாசமே சரியாக் கிடைக்கல.

நான் விடுததா இல்ல. லாரியில கிளீனரா இருக்கும்போதே ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சவன் நான். பாலிசியில முப்பத்தெட்டு பக்கம், அம்புட்டும் படிச்சேன். எங்க வக்கீல் கூட படிச்சதில்ல, அவரே சொன்னாரு.

அதுல நமக்கு ஒரு பிடி கிடைச்சுது. கம்பெனி சர்வேயர், வண்டியப் பாக்க வந்தவரு, நல்ல மனுசன், உள்ளத உள்ளபடி எழுதிட்டாரு. நாலு டயரும் புதுசு, சேதம் இல்ல, ஒவ்வொரு டயர் நம்பரும் போட்டிருக்காரு. சிலிண்டர் இருக்கு, தேதி செல்லும். பெட்டி இருக்கு, சீலு உடைக்கல. முன்னாலயும் பின்னாலயும் அப்பளம், ஆனா டயர் நாலும் மாப்பிள்ளை மாதிரி நிக்கி. வக்கீல் அதப் படிச்சிட்டு மேசையத் தட்டுனாரு. கோயில்பிள்ளை, சர்டிபிகேட்டு இல்லாட்டி என்ன, வண்டி நல்ல நிலைமையில இருந்துச்சுன்னு அவங்க ஆளே எழுதியிருக்காரு, இது போதும்னாரு.

அன்னைக்கு எனக்கு சந்தோஷம்தான். நாம யோசிச்சு வாங்குன டயரு, நமக்கே சாட்சி சொல்லுதேன்னு.

அப்புறம் வக்கீல் ஒண்ணு சொன்னாரு. கேசு முடியுத வரைக்கும் வண்டியில ஒரு போல்ட்டக் கூட கழட்டக் கூடாது, டயரத் தொடவே கூடாது, தொட்டா சாட்சியக் கலைச்சதாயிரும்னாரு. வண்டி ஒர்க்‌ஷாப் பின்னால வேப்பமரத்தடியில நிக்கி. மூணு வருஷமா நிக்கி. சரி பண்ண முடியாது, விக்க முடியாது, பழைய இரும்புக்குப் போட முடியாது. வித்தாலும் லோன் குடுத்த பேங்குக்காரன் விடமாட்டான். வேற வண்டி எடுக்கலாம்னா இதுக்கு முடிவு தெரியாம எடுக்க முடியாது. கேச வாபஸ் வாங்கிருவோம்னா, மூணு வருஷம் என்னத்துக்கு இங்க உக்காந்தோம்னு ஆயிரும். வண்டி அங்க நிக்கி, நான் இங்க உக்காந்திருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்.

ஸ்டாண்டுல ஆக்டிங் டிரைவரா கூப்பிட்டாங்க, போனேன். ரோஸ்லின் ஒரு நர்சரி ஸ்கூல்ல ஆயா வேலைக்குப் போறா. வீட்டுக்காரரு எங்க வேலைன்னு அங்க யாரோ கேட்டாங்களாம். கோர்ட்டுலன்னு சொல்லியிருக்கா. பொய்யும் இல்ல.

செட்டு வண்டியோட மாட்டிக்கிட்டதுல ஸ்டாண்டுல கொஞ்சம் சலசலப்பு. அடுத்த மாசமே ரெண்டு பேருக்கு எஃப்.சி. அதுல ஒருத்தன் வந்தான், அண்ணே, ஒரே ஒரு நாள் கழட்டித் தாங்க, மாட்டிருதேன்னு. சர்வேயர் நம்பர் எழுதியிருக்காருடா, முடியாதுன்னுட்டேன். அவன் என்ன செய்வான், நாலு டயர் புதுசா வாங்கிப் போட்டான். அடுத்தவனும் வாங்குனான். சிலிண்டரு, பெட்டி எல்லாம் அவனவன் தனியா. இப்ப பத்து வண்டியிலயும் பத்து செட்டு. அதுலயே ஓட்டிக்கிட்டு அலையுதானுங்க. போன மழைக்கு ஒருத்தன் வண்டி கூட வழுக்கல, அத வேற பெருமையா சொல்லிக்கிடுதானுங்க.

ஆனா ஒத்துமை போச்சு அண்ணாச்சி. முன்னால எஃப்.சி.ன்னா மொத நாள் சாயங்காலம் பதினோரு பேரும் கூடிருவோம். ஒருத்தன் ஜாக்கி போடுவான், ஒருத்தன் வீலு உருட்டுவான், பாஸாயிட்டா மறுநாள் பரோட்டா. இப்ப எவனுக்கு எப்ப எஃப்.சி.ன்னே எவனுக்கும் தெரியல. போறான், எடுக்கான், வாரான். செயலாளர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான். ஆக்டிங்குக்கும் இப்பக் கூப்பிடுததில்ல.

இங்க பொதுவா எழுதிக் குடுக்கதோட சரி, ஆளக் கூப்பிட்டுக் கேள்வி கேக்க மாட்டாங்க. என் கேசுல மட்டும் கம்பெனி வக்கீலம்மா மனுப் போட்டு, என்னைய நேர்ல கேக்கணும்னுட்டாங்க. அதான் இன்னைக்கு. சின்ன வயசு, ரொம்பத் தணிஞ்ச குரலு, பாத்தா நம்ம பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்குத டீச்சர் மாதிரி இருப்பாங்க. மனுவுல ஒரே ஒரு விஷயம்தான். அந்த நாலு டயருக்கு பில்லு கொண்டு வரணும்.

பில்லு இருக்கு. நான் பத்திரமாத்தான் வச்சிருக்கேன். ஆனா அது ஸ்டாண்டு பேருல இருக்கு. தேதி விபத்துக்கு நாலு வருஷம் முந்தி. நாலு வருஷம் ஓடுன டாக்சி டயருல எப்படிய்யா முள்ளு உதிராம இருக்குன்னு கேப்பாங்க. சரி, பில்லு இல்ல, டயர் என்னுதுன்னு சொல்லுவோம்னா, எங்க வாங்குனன்னு கேப்பாங்க. என்னுது இல்லன்னா, அப்ப உன்னுது எங்கன்னு கேப்பாங்க. எந்த வழியில போனாலும் அந்தக் கேட்டுத் தூணுலதான் போய் நிக்கி.

வக்கீல்கிட்ட கேட்டேன். டயர் என்னுதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்னாரு. பில்லப் பத்தி ஞாபகம் இல்லன்னு சொல்லணுமாம். ஞாபகம் இல்லன்னு நான் என் ஆயுசுல சொன்னதில்ல.

நேத்து சாயங்காலம் முப்பிடாதி வீட்டுக்கு வந்தான். உக்காரவே இல்ல, நின்னுக்கிட்டே பேசுனான்.

"அண்ணே, நீங்க ஜெயிங்க, தோக்குங்க, அது உங்க பாடு. செட்டப் பத்தி மட்டும் வாயத் தொறந்திராதீங்க. பழைய எஃப்.சி. பூரா நோண்டுவாங்க. லைசென்ஸ்ல கை வச்சாங்கன்னா பத்து குடும்பம்ணே."

நான் சொன்னேன், எனக்குத் தெரியாதாலே, விதி போட்டவனே நான்தான்னு.

"அதான்ணே பயமா இருக்கு"ன்னான்.

அவன் போனதும் ரோஸ்லின் சோறு போட்டா. கடைசில, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க, அவங்க கேக்காததச் சொல்லாதீங்கன்னா. நான் எப்ப அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். அவ சிரிச்சிட்டுப் போயிட்டா. இந்த மூணு வருஷத்துல அவ சிரிச்சது நேத்துத்தான்.

ஆனா ராவெல்லாம் யோசிச்சு நான் ஒரு வழி வச்சிருக்கேன். டயர் ஸ்டாண்டுக்குச் சொந்தம். ஸ்டாண்டுல நானும் ஒருத்தன். அப்ப பதினொன்னுல ஒரு பங்கு என்னுது. பொய்யும் இல்ல, முழுசாச் சொன்னதும் இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன். வக்கீலுக்குக் கூட தோணல பாருங்க.

பதினாலா? என்னையத்தான் கூப்பிடுதாங்க. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணாச்சி. வந்திருதேன்.

வந்துட்டேன். இங்கனதான் இருக்கீங்களா. இப்பத்தான் பதினஞ்சு ஓடுதா. பைய இப்படித் தாங்க.

நல்லாத்தான் போச்சு. நல்லாத்தான் போச்சுன்னு நினைக்கேன். கொஞ்சம் தண்ணி இருக்கா? குடுங்க.

கூண்டெல்லாம் இல்ல, ஒரு மேசை பக்கத்துல நிக்கணும். வக்கீலம்மா பேரு கேட்டாங்க, வண்டி நம்பர் கேட்டாங்க, சொன்னேன். டயர் உங்களுக்குச் சொந்தமானதான்னு கேட்டாங்க. யோசிச்சு வச்சிருந்தேன்லா, அப்படியே சொன்னேன், பதினொன்னுல ஒரு பங்கு என்னுதும்மான்னு. எங்க வக்கீல் பேனாவக் கீழ வச்சாரு. அந்தம்மா மட்டும் தணிஞ்ச குரல்ல, "கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன் சார்"ன்னாங்க.

சாருன்னாங்க அண்ணாச்சி. மூணு வருஷமா இந்தக் கட்டடத்துல என்கிட்ட யாரும் விளக்கம் கேட்டதில்ல. வாய்தா குடுப்பாங்க, கையெழுத்து வாங்குவாங்க, தள்ளி நில்லும்பாங்க. அந்தம்மா கேட்டாங்க. கேட்டா சொல்லணும்ல. அரைகுறையாச் சொன்னா நம்மளத் தப்பா நினைப்பாங்க. ஏதோ களவாணிக் கூட்டம்னு நினைச்சிரக் கூடாதுல்லா. அதனால மொதல்ல இருந்து சொன்னேன். எப்படி யோசனை வந்துச்சு, எப்படி வாங்குனோம், வரிசை எப்படி, நாப்பது நிமிஷத்துல எப்படி மாத்துவோம், முப்பிடாதி விட்டுக் குடுத்தும் நான் ஏன் வாங்கல. நடுநடுவுல ம், ம்னாங்க. ஒரு தடவ கூட மறிக்கல.

மேல நடுவுல உக்காந்திருக்க ஜட்ஜு பெரியம்மா, மூணு வருஷமா வாயத் தொறக்காதவங்க, அவங்க கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாத்தாங்க.

"ஏம்ப்பா, அன்னைக்கு எஃப்.சி. பாஸாயிருந்தா, மறுநாள் வண்டி எந்த டயர்ல ஓடியிருக்கும்?"

"வழக்கமா ஓடுத டயர்லதாம்மா."

"அது எப்படி இருக்கும்?"

"அது வயசுக்குத் தக்க இருக்கும்மா."

பின்னால ஒருத்தர் சிரிச்சாரு. பெரியம்மா சிரிக்கல. என்னமோ எழுதுனாங்க, கொஞ்ச நேரம் எழுதுனாங்க. வக்கீலம்மாவப் பாத்து, வேற கேள்வி இருக்கான்னாங்க. அவங்க, இல்ல மேடம், அவ்வளவுதான்னு உக்காந்துட்டாங்க. கேக்கதுக்கு அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அவ்வளவு தெளிவாச் சொல்லியாச்சு. உக்காரும்போது என்னையப் பாத்து தேங்க்யூ சார்ன்னாங்க.

அடுத்த மாசம் எட்டாந்தேதி தீர்ப்பு. இனிமே வாய்தா கிடையாது. எங்க வக்கீல் கிட்ட கேக்கலாம்னு பாத்தேன், அவரு போன்ல பேசிக்கிட்டே அந்தப் பக்கத்துப் படியில இறங்கிட்டாரு. வேற கேசு இருக்கும். நாலஞ்சு கோர்ட்டு பாக்காரு, பாவம்.

ரோஸ்லினுக்கு போன் பண்ணணும். கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன். கேக்காதது ஒண்ணும் சொல்லல. விளக்கமாச் சொல்லுங்கன்னு அவங்கதான கேட்டாங்க.

முப்பிடாதி கீழ வந்து நிக்கான். அந்தா, அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, நீலச் சட்டை. வண்டி மேல சாஞ்சுக்கிட்டு நிக்கானே, அவன்தான். சவாரிய விட்டுட்டு வந்திருக்கான். என்னாச்சுன்னு கேப்பான். நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லணும். நீ பயந்த மாதிரி ஒண்ணும் இல்லலேன்னு சொல்லணும்.

ஏன்னா நான் பேரு ஒண்ணு கூட சொல்லல அண்ணாச்சி. முப்பிடாதி பேரு நடுவுல ஒரு தடவ வந்திருச்சு, அது பேச்சுவாக்குல வந்தது. மத்தபடி ஒருத்தன் பேரும் என் வாயில இருந்து வரல. வக்கீலம்மா கேட்டதுக்கு வண்டி நம்பர் மட்டும்தான் சொன்னேன். பதினொன்னும். எனக்கு மனப்பாடம், வரிசைப்படி சொன்னேன்.

பத்தொம்பது கூப்பிடுதாங்க. என்னது, பதினெட்டா? ஆளு இல்லயாம், உங்களத்தான் கூப்பிடுதாங்க, போங்க. துணிய எடுத்துக்கோங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

நான் இங்கனயே இருக்கேன். முப்பிடாதிக்கு மத்தியானம் ஒரு ரயில் சவாரி இருக்கு, எப்படியும் ஒரு மணிக்குக் கிளம்பிருவான். அவன் போனதுக்கப்புறம் இறங்குதேன்.